தோள் நிமிர்ந்த தோட்டா

துப்பாக்கியிலிருந்து புறப்படும் குண்டு நேர்கோட்டில் போகிறது என்றுதான் நம்மில் பலர் நினைத்திருக்கிறோம். சினிமாவில் அப்படித்தான் காட்டுகிறார்கள். உண்மையில் குழலின் வாயைத் தாண்டிய கணத்திலேயே குண்டு கீழே விழத் தொடங்கிவிடுகிறது. குழலைத் தரைக்கு இணையாகப் பிடித்துச் சுடுங்கள். அதே நொடியில் அதே உயரத்திலிருந்து இன்னொரு குண்டைக் கையிலிருந்து நழுவ விடுங்கள். காற்றே இல்லாத உலகமாக இருந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் தரையைத் தொடும்.

அப்படியானால், 200 மீட்டருக்கு அப்பால் வளையிலிருந்து தலையை நீட்டும் ஒரு சிறு பிராணியை எப்படிக் குறி தவறாமல் சுட முடிகிறது? அதுவும் 3 கிராம்கூட இல்லாத, 5.7 மில்லிமீட்டர் விட்டமுள்ள குண்டால்?

இதோடு ஒட்டிய இன்னொரு புதிரும் உண்டு. 1940 வாக்கில் நியூயார்க் மாநிலத்தைச் சேர்ந்த லைல் கில்பர்ன் என்ற துப்பாக்கித் தச்சர், குண்டை மாற்றாமல், தோட்டாவின் பித்தளை உறையின் வடிவத்தை மட்டும் மாற்றி வேகத்தைக் கூட்டினார். உறை குண்டோடு பறந்து போவதில்லை, துப்பாக்கிக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பின்தங்கிவிடும் பொருளின் வடிவம் முன்னே பறப்பதன் வேகத்தை எப்படி மாற்றும்?

எனக்கு இந்த இரண்டாவது புதிர்தான் பிடித்தமானது. அதை அவிழ்த்தால் முதலாவதும் தானாக அவிழும்.

வைக்கோல் நிலத்தில் ஒரு வளை

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில் கால்நடைத் தீவனத்துக்காகப் புல் வளர்க்கும் வயல்கள் ஏராளம். அங்கே வுட்சக் என்ற கொறிவிலங்கு வளை தோண்டி வாழ்கிறது. பயிரைத் தின்கிறது, அதன் வளையில் கால் இடறி மாடும் குதிரையும் நொண்டியாகின்றன என்பது உழவர்களின் நெடுநாள் புகார். மேற்கே புல்வெளிச் சமவெளியில் பிரெய்ரி நாய், தரை அணில், கயோட்டி. இப்படித் தொல்லை தரும் விலங்குகள் எல்லாவற்றையும் சேர்த்து 'வார்மின்ட்' என்று அங்கே அழைக்கிறார்கள்.

இவற்றைச் சுடுபவருக்கு மான் வேட்டைத் துப்பாக்கி உதவாது. குறி மிகச் சிறியது: உயிர்நிலை என்று கருதக்கூடியது 10 சென்டிமீட்டர் அகலம்தான். விலங்கோ எச்சரிக்கையானது, கிட்டே நெருங்க விடாது. தொலைவையும் கண்ணால்தான் மதிப்பிட வேண்டும். லேசர் தொலைவுமானி கைக்கு வந்ததெல்லாம் மிகப் பிற்காலத்தில். சுற்றிலும் பண்ணைவீடுகள் இருப்பதால், கனமான குண்டு தரையில் பட்டுத் தெறித்து எங்கோ போய் விழுந்தால் ஆபத்து; பேரோசை எழுந்தால் அக்கம்பக்கத்தில் சண்டை.

ஆகவே தேவைப்பட்டது சின்னக் குண்டு, பெரிய வேகம். தரையில் பட்டதும் தூளாகிவிட வேண்டும். பறக்கும் பாதை முடிந்தவரை தட்டையாக இருக்க வேண்டும். பாதை தட்டையாக இருந்தால் தொலைவைச் சற்றுத் தப்பாகக் கணித்தாலும் குண்டு குறிக்குள்ளேயே விழும். வேகத்தின் மீது இவர்களுக்கு இருந்த ஆசைக்கு அடிப்படை இந்தத் தப்புக்கணக்குப் பயம்தான்.

உறைக்குள் நடப்பது

தோட்டா என்பது முழுப்பொருள். அதன் உச்சியில் செருகியிருப்பது குண்டு. கீழே பித்தளை உறை, உறைக்குள் மருந்து, அடியில் ஊசி மோதியதும் தீப்பற்றும் பற்றவைப்பான். உறைக்கும் உடம்பைப் போல உறுப்புப் பெயர்கள் வைத்திருக்கிறார்கள். குண்டைப் பிடித்திருக்கும் ஒடுங்கிய பகுதி கழுத்து, அதிலிருந்து அகன்று இறங்கும் சரிவு தோள், அதற்குக் கீழே உடல். பழைய உறைகள் பலவற்றில் தோள் தொங்கியிருக்கும். உடலும் கீழிருந்து மேலாகக் குறுகிக்கொண்டே போகும்.

புகையில்லா மருந்து வெடிப்பதில்லை, எரிகிறது. மிக வேகமாக, ஆனால் மேற்பரப்பிலிருந்து உள்நோக்கிப் படிப்படியாக எரிகிறது. எழும் வாயு குண்டைப் பின்னாலிருந்து தள்ளும். குண்டு 60 சென்டிமீட்டர் குழலைக் கடக்க ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு நொடி போதும். அந்தச் சிறுபொழுதில் அழுத்தம் மளமளவென ஏறி, உச்சத்தைத் தொட்டு, குண்டு முன்னேற முன்னேற இறங்குகிறது. அந்த உச்சத்துக்கு ஒரு வரம்பு உண்டு. எஃகுக் குழல் அதைவிட அதிகம் தாங்கக்கூடும். உறையின் பித்தளை அடிப்பாகம் தாங்காது. அது இளகினால், கொதிக்கும் வாயு சுடுபவரின் முகத்தை நோக்கி வரும்.

வேகத்தைக் கூட்ட உச்ச அழுத்தத்தை ஏற்றக் கூடாது என்றால், மிஞ்சும் வழி ஒன்றுதான். உச்சத்தை அதே அளவில் நிறுத்தி, அதற்குப் பிறகான இறக்கத்தை மெதுவாக்க வேண்டும். கூடுதல் மருந்தை, சற்று மெதுவாக எரியும் மருந்தாகத் தேர்ந்து, கூடுதல் இடத்தில் வைக்க வேண்டும். கில்பர்ன் உறையில் தேடியது அந்த இடத்தைத்தான்.

ஹார்னெட்

கில்பர்ன் கையில் எடுத்த தோட்டாவின் பெயர் .22 ஹார்னெட். அதன் மூலம் 1885 வாக்கில் வின்செஸ்டர் நிறுவனம் கரும்பொடி மருந்துக்காகச் செய்த ஒரு சாதுவான தோட்டா. 1920களில் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையைச் சுற்றியிருந்த சிலர், அவர்களில் கர்னல் டவுன்சென்ட் வீலனும் கேப்டன் வாட்கின்ஸும் முக்கியமானவர்கள், அந்தப் பழைய உறையில் புகையில்லா மருந்தை இட்டு வேகமான குண்டைப் பொருத்திப் பார்த்தார்கள். 1930 வாக்கில் வின்செஸ்டரே அதற்குத் தோட்டா செய்து விற்கத் தொடங்கியது. தோட்டா முதலில் வந்தது. அதற்கென்றே செய்த துப்பாக்கி பின்னால்தான் கடைக்கு வந்தது.

இப்படித் தனியாட்கள் தங்கள் பட்டறையில் உருவாக்கும் தோட்டாக்களுக்கு 'வைல்ட்கேட்', அதாவது காட்டுப்பூனை, என்று பெயர். எந்தத் தொழிற்சாலையும் செய்யாது, எந்தக் கடையிலும் கிடைக்காது. செய்தவரும் அவருடைய நண்பர்களும்தான் வைத்திருப்பார்கள். ஹார்னெட் அப்படிப் பிறந்து பிறகு கடைக்கு வந்த பிள்ளை.

அதற்கு அகலமான அடிவிளிம்பும், மெல்லிய சுவரும், நீண்டு குறுகும் உடலும், தொங்கிய தோளும் இருந்தன. பழைய கரும்பொடிக் காலத்தின் உருவம் அப்படியே தங்கியிருந்தது.

சுட்டே செய்யும் உறை

கில்பர்ன் செய்தது கேட்பதற்கு மிக எளிது. துப்பாக்கியில் தோட்டா உட்காரும் குழியைத் தோட்டா அறை என்போம். அந்த அறையைக் குடைந்து, மேல்புறம் அகலமாகவும் தோள் செங்குத்தாகவும் இருக்கும்படி பெரிதாக்கினார். பிறகு கடையில் வாங்கிய சாதாரண ஹார்னெட் தோட்டாவையே அதில் போட்டுச் சுட்டார்.

இட்லித் தட்டின் குழிக்கேற்ப மாவு வடிவம் எடுப்பதுபோல, வாயுவின் அழுத்தத்தில் பித்தளை விரிந்து அறையின் சுவரில் அப்பிக்கொண்டது. வெளியே எடுத்தபோது தோள் நிமிர்ந்து, உடல் நேராகிப் புது உருவத்தில் வந்தது. இதைச் சுட்டு வடித்தல் என்று சொல்லலாம். உறையை வடிக்க வேறு அச்சு வேண்டாம், துப்பாக்கியே அச்சு. வடிக்கச் சுடும் தோட்டாகூட வீண்போவதில்லை. அதுவும் குறிக்குத்தான் போகிறது.

தோட்டா பெரிய அறைக்குள் முன்னும் பின்னும் ஆடினால் உறை கிழிந்துவிடாதா என்ற ஐயம் எழலாம். ஹார்னெட்டின் பழைய பாணி அடிவிளிம்பு இங்கே கை கொடுத்தது. விளிம்பு அறையின் வாயில் தடுக்கி நிற்பதால், மேலே எவ்வளவு இடம் இருந்தாலும் உறையின் அடி அசையாது. கரும்பொடிக் காலத்தின் மிச்சம் என்று ஒதுக்கப்பட்ட அந்த விளிம்புதான் புதுமைக்கு வழிவிட்டது. இந்தப் பொருத்தத்தைப் படித்தபோது எனக்கு உண்டான மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

புதிய தோட்டாவுக்குக் கே-ஹார்னெட் என்ற பெயர் நிலைத்தது. இந்த வகைக்கு 'மேம்படுத்தியது' என்ற பொதுப்பெயர் உண்டு. மூலத் தோட்டாவையும் பாதுகாப்பாகச் சுட முடிகிற பெரிய அறை என்பதே அதன் இலக்கணம். மறுதிசையில் அது செல்லாது: வடித்த உறை பழைய அறைக்குள் நுழையவே நுழையாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எவ்வளவு லாபம்? இதைத் துல்லியமாகக் கேட்பவர்கள் குறைவு. நாம் கேட்போம்.

ஹார்னெட் உறைக்குள் தண்ணீர் ஊற்றினால் சுமார் 0.90 மில்லிலிட்டர் பிடிக்கும். கே-ஹார்னெட்டில் சுமார் 1.03. உறை செய்த நிறுவனத்தைப் பொறுத்துச் சற்று மாறும். உத்தேசமாக 14 விழுக்காடு கூடுதல் இடம். 14 விழுக்காடு கூடுதல் மருந்து என்றால் வேகமும் 14 விழுக்காடு கூட வேண்டும் அல்லவா?

கூடாது. இந்தத் துறையில் நீண்ட அனுபவத்தால் கண்ட ஒரு கைவிதி உண்டு: உச்ச அழுத்தம் மாறாமல் இருந்தால், கொள்ளளவு கூடும் விகிதத்தில் கால் பங்குதான் வேகமாகத் திரும்பும். 14 விழுக்காட்டில் கால் பங்கு மூன்றரை.

மீதி முக்கால் பங்கு பல வழிகளில் கரைகிறது. கூடுதல் மருந்து தானும் வாயுவாக மாறிக் குண்டின் பின்னாலேயே ஓட வேண்டும். அந்த வாயுவைத் தள்ளவும் ஆற்றல் செலவாகும். குழலின் நீளம் மாறவில்லை. ஆகவே வாயு முழுதாக விரிந்து வேலை செய்து முடிப்பதற்குள் குண்டு வெளியேறிவிடுகிறது. மிச்ச அழுத்தம் குழல்வாயில் ஓசையாகவும் சுடராகவும் சிதறுகிறது. குழலைச் சூடாக்குவதிலும் ஒரு பெரும்பகுதி போகிறது. நல்ல துப்பாக்கியில்கூட மருந்தின் ஆற்றலில் மூன்றில் ஒரு பங்கு அளவுதான் குண்டுக்குச் சேர்கிறது.

ஹார்னெட்டின் 2.9 கிராம் குண்டு குழல்வாயில் நொடிக்கு 820 மீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. மூன்றரை விழுக்காடு கூட்டினால் 850. இனி வயலுக்குப் போவோம்.

விலங்கு 200 கஜத்தில், அதாவது 183 மீட்டரில் நிற்கிறது. ஹார்னெட் குண்டின் வேகம் 100 கஜத்தில் 622 மீட்டராகவும் 200 கஜத்தில் 458 மீட்டராகவும் தேய்ந்துவிடுகிறது. அங்கே போய்ச்சேர அதற்கு 0.3 நொடி. அந்த நேரத்தில் கையிலிருந்து நழுவிய கல் 44 சென்டிமீட்டர் விழுந்திருக்கும். குண்டு சுமார் 36 சென்டிமீட்டர் விழுகிறது. வித்தியாசம் ஏன் என்றால், எதிர்ப்படும் காற்று குண்டை முன்னோக்கித் தடுப்பதோடு அதன் கீழ்நோக்கிய அசைவையும் சேர்த்தே தடுக்கிறது. தொடக்கத்தில் காற்றில்லா உலகம் என்று நிபந்தனை போட்டதற்குக் காரணம் இதுதான்.

அதே தொலைவில் கே-ஹார்னெட் குண்டு விழுவது சுமார் 34 சென்டிமீட்டர். மிச்சமானது 2 சென்டிமீட்டர்.

துப்பாக்கியின் பார்வைக்கண்ணாடியை 183 மீட்டருக்குச் சரிசெய்து வைத்திருக்கிறோம்; விழும் அளவை ஈடுகட்டுவதற்காகக் குழல் மிக லேசாக மேல்நோக்கியிருக்கிறது. விலங்கு உண்மையில் 27 மீட்டர் தள்ளி, 210 மீட்டரில் நின்றுவிட்டது என்று வையுங்கள். கண்மதிப்பில் இந்த அளவு தவறு சர்வசாதாரணம். ஹார்னெட் குண்டு குறிக்கு 9 சென்டிமீட்டர் கீழே படும். கே-ஹார்னெட் குண்டு எட்டரை சென்டிமீட்டர் கீழே. குறி 10 சென்டிமீட்டர் அகலம். நடுவிலிருந்து 5 சென்டிமீட்டருக்கு மேல் விலகினால் விலங்கு தப்பும், அல்லது காயம்பட்டு வளைக்குள் போய்ச் சாகும். இரண்டாவது நடப்பது கொடுமை.

அதாவது, அவ்வளவு குடைந்து, சுட்டு, வடித்து, வயலில் கிடைத்த லாபம் அரை சென்டிமீட்டர்.

இன்னொரு தோட்டாவை ஒப்பிட்டால் விஷயம் தெளிவாகும். 1950இல் ரெமிங்டன் நிறுவனத்தில் மைக் வாக்கர் என்ற பொறியாளர் .222 ரெமிங்டனை உருவாக்கினார். பழைய உறை எதையும் திருத்தாமல் அடியிலிருந்து புதிதாக வரைந்தார். 3.2 கிராம் குண்டு, நொடிக்கு 957 மீட்டர். 183 மீட்டரில் அது விழுவது 23 சென்டிமீட்டர்தான். அதே 27 மீட்டர் தப்புக்கணக்கில் அது 5 சென்டிமீட்டர் கீழே படும். குறியின் விளிம்பைத் தொட்டுவிடும். உறை பெரியது, தாங்கும் அழுத்தமும் அதிகம், குண்டும் காற்றை எளிதாகக் கிழிக்கும். மூன்றும் சேர்ந்தால்தான் பாதையின் வளைவு கண்ணுக்குத் தெரியும் அளவில் குறைகிறது.

கடலூரில் மறைந்தவர்

மேலே சொன்ன வேகக் கணக்கெல்லாம் அளந்தால்தான் கிடைக்கும். 1940களில் ஒரு பட்டறைக்காரரிடம் வேகமானி இருப்பது அரிது. குண்டு எத்தனை மரப்பலகைகளைத் துளைத்தது, விலங்கு எப்படித் தூக்கி எறியப்பட்டது என்பதை வைத்தே வேகத்தை ஊகித்தார்கள். ஆசை சொன்ன எண்கள் பல அச்சிலும் ஏறின. சிலர் மருந்தைக் கூடுதலாக அடைத்து, வரம்பு மீறிய அழுத்தத்தில் கிடைத்த வேகத்தையும் உறையின் வடிவத்துக்கே வரவு வைத்தார்கள். பின்னாளில் வேகமானிகள் மலிவானபோது அவற்றில் பல எண்கள் சரிந்தன.

இத்தனைக்கும் குண்டின் வேகத்தை அளக்கும் வழியை மனிதர்கள் கண்டுபிடித்து இருநூறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கண்டவர் பெஞ்சமின் ராபின்ஸ் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர். 1742இல் அவர் வெளியிட்ட நூலில் எறியியல் ஊசல் என்ற கருவியை விவரிக்கிறார். கனமான மரக்கட்டையைத் தொங்கவிட்டு அதில் குண்டைச் சுட வேண்டும். குண்டு கட்டைக்குள் பதிந்ததும் கட்டை பின்னால் ஆடும். ஆட்டத்தின் அளவும் இரண்டின் எடையும் தெரிந்தால் குண்டின் வேகம் கணக்கில் வந்துவிடும். நொடியில் ஆயிரத்தில் ஒரு பகுதியை அளக்கும் கடிகாரம் எதுவும் இல்லாத காலத்தில், நேரத்தையே அளக்காமல் வேகத்தைக் கண்டார்! ஜெர்மன் மொழியில் அந்த நூலை விளக்கவுரையோடு பெயர்த்தவர் மாமேதை ஆய்லர்.

ராபின்ஸ் கண்ட செய்திகளில் அன்றைய அறிஞர்களைத் திடுக்கிட வைத்தது காற்றின் பலம். காற்று லேசானது, குண்டு கனமானது, ஆகவே காற்றின் தடையைப் பொருட்படுத்த வேண்டாம் என்று நம்பிவந்தார்கள். நம் ஹார்னெட் குண்டையே பாருங்கள்: முதல் 100 கஜத்தில் அதன் வேகம் தேய்வதைக் கணக்கிட்டால், காற்று அதைத் தடுக்கும் விசை அதன் எடையைப் போல ஏறத்தாழ 160 மடங்கு. புவியீர்ப்பு ஒரு மடங்குதான். குண்டின் பெரிய எதிரி கீழே இழுக்கும் பூமியைவிட எதிரே நிற்கும் காற்றுதான்.

இந்த ராபின்ஸ் பிற்பாடு கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமைப் பொறியாளராக நியமிக்கப்பட்டு, கோட்டைகளைச் செப்பனிட நம் கரைக்கு வந்தார். 1751இல் காய்ச்சல் கண்டு, கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்துப் புனித டேவிட் கோட்டையில் இறந்தார். நவீன எறியியலின் தந்தை என்று உலகம் கொண்டாடும் ஒருவரின் வாழ்வு முடிந்த இடம் நம் கடற்கரை என்பது நம் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

காதைக் கிழிக்கும் ஆசை

கால் பங்கு விதி சிலரைச் சோர்வடைய வைக்கவில்லை. கால்தானே கிடைக்கிறது, அப்படியானால் நான்கு மடங்கு மருந்து போடுவோம் என்று துணிந்தார்கள்.

1935இல் வின்செஸ்டர் .220 ஸ்விஃப்ட்டைக் கொண்டுவந்தது. 3.1 கிராம் குண்டு, நொடிக்கு 1,250 மீட்டர். அன்று கடையில் கிடைத்த தோட்டாக்களில் அதற்கு ஈடில்லை. ஆனால் சிறிய துளை வழியாக அவ்வளவு சூடான வாயு பாயும்போது, அறையை ஒட்டிய குழல்பகுதி வெகு சீக்கிரம் அரிக்கப்படும். அடுத்தடுத்துச் சுட்டால் அரிப்பு இன்னும் வேகமாகும். துளைக்கு மிஞ்சிய உறை என்று இதைச் சொல்லலாம்.

எல்லையைத் தொட்டுப் பார்த்தவர் பார்க்கர் ஓட்டோ ஆக்லி. 1903இல் பிறந்து 1989இல் மறைந்த அவர், துப்பாக்கித் தச்சர். கொலராடோவின் டிரினிடாட் கல்லூரியில் அந்தத் தொழிலைக் கற்பித்த ஆசிரியரும்கூட. நேரான உடல், நிமிர்ந்த தோள் என்னும் முறையை ஏராளமான தோட்டாக்களுக்கு விரித்தவர் அவர்தான். ஒரு பத்திரிகையாளர் கேட்டுக்கொண்டதற்காக, யானை வேட்டைக்கான .378 வெதர்பி உறையின் கழுத்தை .22 குண்டுக்கு ஒடுக்கி ஒரு தோட்டா செய்தார். காதைக் கிழிக்கும் பேரோசை என்ற பொருளில் ஜெர்மன் போல ஒலிக்கும் விளையாட்டுப் பெயர் அதற்கு: ஈயர்ஜெஸ்ப்ளிட்டன் லவுடன்பூமர். இலக்கு நொடிக்கு 5,000 அடி, அதாவது 1,524 மீட்டர். கிடைத்தது 4,600 அடி, 1,400 மீட்டர் அளவு. ஸ்விஃப்ட்டைவிட மிக அதிக மருந்தை எரித்தும், ஸ்விஃப்ட்டை முந்தியது எட்டில் ஒரு பங்குதான்.

தோற்றுப்போன அந்தத் தோட்டாவை நான் பெரிதும் மதிக்கிறேன். எல்லை எங்கே இருக்கிறது என்ற ஊகத்தை நிறுத்தி, அளந்து காட்டியது அது.

அரை சென்டிமீட்டருக்காகவா?

அப்படியானால் கே-ஹார்னெட்டை ஏன் இன்றுவரை விரும்பிச் செய்கிறார்கள்? விடை உறையிலேயே இருக்கிறது.

வார்மின்ட் சுடுபவர்கள் ஒரே உறையைப் பலமுறை நிரப்பிப் பயன்படுத்துவார்கள். ஹார்னெட்டின் குறுகிய உடலும் தொங்கிய தோளும் ஒவ்வொரு முறையும் பித்தளையை முன்னோக்கி இழுக்கின்றன; கழுத்து நீள்கிறது, அடியை ஒட்டிய சுவர் மெலிகிறது, சில முறைக்குப் பிறகு விரிசல். தோளை நிமிர்த்தினால் அந்த ஓட்டம் தடைபடுகிறது. உடலை நேராக்கினால் இன்னொரு நன்மை: அழுத்தத்தில் சுவர் அறையோடு ஒட்டிப் பிடித்துக்கொள்கிறது, சரிவு இருந்தால் வழுக்கிப் பின்னால் வரும். ஆக்லி இதைக் காட்ட, வின்செஸ்டர் 94 ரகத் துப்பாக்கி ஒன்றில் தோட்டாவைப் பின்னாலிருந்து தாங்கும் பூட்டையே கழற்றிவிட்டு, மேம்படுத்திய .30-30 தோட்டாவைச் சுட்டார். உறை அறையிலேயே நின்றது. வேறு யாரும் ஒருபோதும் செய்து பார்க்கக் கூடாத சோதனை அது. ஆனால் உறையின் சுவர் எவ்வளவு சுமை தாங்குகிறது என்பதை அதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. எண்ணெய்ப் பசையுள்ள அறையிலும், வரம்பு மீறிய அழுத்தத்திலும் அந்தப் பிடிப்பை நம்ப முடியாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஆக, தோளை நிமிர்த்தியதால் வேகம் கொஞ்சம்தான் கூடியது. உறையின் ஆயுள் கூடியது. ஒவ்வொரு சூடும் முந்தைய சூட்டைப் போலவே இருக்கும் சீர்மையைத் தேடும் பழக்கமும் வளர்ந்தது. சீர்மை என்பது சின்ன விஷயமல்ல. நொடிக்கு 30 மீட்டர் கூடுதல் வேகத்தைவிட, எல்லாக் குண்டும் ஒரே வேகத்தில் கிளம்புவது வயலில் அதிகம் பயன்படும். .222 ரெமிங்டன் கால் நூற்றாண்டு துல்லியப் போட்டிகளை ஆண்டது அதனால்தான். அதை வீழ்த்தியதும் ஒரு காட்டுப்பூனைதான்: 1975இல் லூ பால்மிசானோ என்ற மருத்துவரும் ஃபெரிஸ் பிண்டெல் என்ற கருவித் தச்சரும் ஒரு ரஷ்ய உறையிலிருந்து வடித்த 6 பிபிசி. குட்டையான, பருத்த, தோள் நிமிர்ந்த உறை.

வைல்ட்கேட்டுகள் கடைக்கு வந்த கதையில் .22-250 தனியிடம் பெறுகிறது. 1915இல் சார்லஸ் நியூட்டன் உருவாக்கிய .250 சாவேஜ் உறையின் கழுத்தை ஒடுக்கி 1930களில் பலர் செய்த தோட்டா அது. முப்பது ஆண்டுகள் பட்டறைகளிலேயே வாழ்ந்து, 1965இல் ரெமிங்டன் அதைத் தன் பட்டியலில் சேர்த்தது. வேகத்தில் ஸ்விஃப்ட்டுக்குச் சற்றுப் பின்னே. புகழில் அதை முந்திவிட்டது.

.222இன் வம்சம் வேறு திசையில் போனது. அதன் உறையை நீட்டியதில் பிறந்ததுதான் எம்-16 துப்பாக்கியின் 5.56 மில்லிமீட்டர் தோட்டா. நம் ராணுவத்தின் இன்சாஸும் அந்த அளவுதான். கொறிவிலங்குக்காக வரைந்த ஒரு வடிவம் அரை நூற்றாண்டுப் போர்களில் மனிதர்களைத் துளைத்திருக்கிறது. இதை எழுதாமல் விட்டால் இந்த அத்தியாயம் நேர்மையாக இருக்காது.

ஈயம்

வார்மின்ட் என்ற முத்திரையும் கேள்விக்கு அப்பாற்பட்டதல்ல. பிரெய்ரி நாய்களின் வளைக்குடியிருப்பை நம்பி எத்தனையோ உயிர்கள் வாழ்கின்றன. கருங்கால் ஃபெரெட் என்ற வேட்டைவிலங்கு பெரும்பாலும் அவற்றையே உண்டு வாழ்வது; அடியோடு அழிந்துவிட்டது என்று கருதியிருந்த அதை 1981இல் வயோமிங் மாநிலத்தின் மீட்டீட்சி அருகே மறுபடி கண்டார்கள். உழவருக்குத் தொல்லையான விலங்கு வேறொன்றுக்கு உணவும் வீடும் ஆகிறது.

தூளாகும் குண்டுக்கும் ஒரு விலை இருக்கிறது. வயலில் கிடக்கும் உடலுக்குள் ஈயத் துணுக்குகள் தங்கிவிடும். அதைத் தின்னும் பருந்துக்கும் கழுகுக்கும் நஞ்சு ஏறும். கலிபோர்னியாவில் கொண்டோர் கழுகுகள் இப்படிச் செத்துக்கொண்டிருந்தது தெரியவந்த பிறகு, 2013இல் சட்டம் இயற்றி, 2019 ஜூலை 1 முதல் வேட்டைக்கு ஈயக் குண்டையே முற்றாகத் தடை செய்தார்கள். இது சரியான முடிவு என்பதில் எனக்கு ஐயமில்லை.

இதனால் தோட்டா வடிப்பவர்கள் முன் புதிய கணக்கு ஒன்று வந்து நிற்கிறது. செம்பின் அடர்த்தி ஈயத்தைவிடக் குறைவு. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம், செம்பு 9 கிராம். அதே எடை, அதே விட்டம் வேண்டுமென்றால் செம்புக் குண்டு நீளமாகத்தான் இருக்கும். நீண்ட குண்டு தலைகுப்புறக் கவிழாமல் பறக்க வேகமாகச் சுழல வேண்டும். குழலின் உட்சுவரில் திருகிச் செல்லும் சுழல்வரிகள்தான் அந்தச் சுழற்சியைத் தருகின்றன. ஹார்னெட்டின் பழைய குழலில் 406 மில்லிமீட்டருக்கு ஒரு சுற்று. குண்டு நொடிக்கு 2,000 முறை சுழன்று வெளியேறும். குட்டையான ஈயக் குண்டுக்கு அது போதும், நீண்ட செம்புக் குண்டுக்குப் போதாது. குண்டை இலகுவாக்கிக் குட்டையாக்கினால் காற்று அதைச் சீக்கிரம் நிறுத்திவிடும். குழலை மாற்றி வரிகளை நெருக்கினால், மெல்லிய ஈயக் குண்டுகள் அந்தச் சுழற்சி தாங்காமல் வழியிலேயே சிதறலாம். கே-ஹார்னெட் வைத்திருப்பவர் இன்று முதலில் முடிவு செய்ய வேண்டியது தோளின் கோணத்தை அல்ல, குழலின் திருகலை.